ரிட்டயர்டு போலீஸ் மூணு

அலுவலகத்தில் எல்லாரும் அவளை 'கெஸ்ட் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாலு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவளுக்கு, நேற்று வந்து நாளை கிளம்புகிறவள் மாதிரி ஒரு பெயர். செய்தித் தொலைக்காட்சியில் மாலை விவாதத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. ஏழு மணிக்கு நிகழ்ச்சி. ஆறே முக்காலுக்குள் நான்கு நாற்காலியும் நிரம்பியிருக்க வேண்டும். ஆளுங்கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று, சட்டம் பேச ஒரு வக்கீலம்மா. நாலாவது நாற்காலி அன்றைய விஷயத்தைப் பொறுத்தது. வெள்ளம் வந்தால் வானிலைக்காரர், பாலம் இடிந்தால் பொறியாளர்.

அந்த வாரம் விஷயம் ஒன்றே ஒன்றுதான். மூன்று வருஷத்துக்கு முன் ஓய்வுபெற்ற ஒரு எஸ்.ஐ., தான் வேலை பார்த்த ஸ்டேஷனிலிருந்து ஒரு வாக்கி-டாக்கியைத் திருடிக்கொண்டு தலைமறைவாகிவிட்டார் என்று போலீஸ் அறிவித்திருந்தது. அவரைப் பிடிக்க நானூறு பேர், பதினாறு ஜீப், நாலு நாய், ஒரு ஹெலிகாப்டர். ஊர் இரண்டாகப் பிளந்துபோனது. பாதிப்பேர் அவரை வீரர் என்றார்கள், பாதிப்பேர் தேசத்துரோகி என்றார்கள். இரண்டு பக்கமும் அவரை நேரில் பார்த்ததில்லை. முடிதிருத்தும் கடையில் ஆரம்பித்த வாக்குவாதத்தில் ஒருவர் பாதி மீசையோடு எழுந்து போய்விட்டதாகக்கூடச் செய்தி வந்தது.

சுவரெல்லாம் அவர் படம். அது வேலைக்குச் சேர்ந்த நாளில் எடுத்தது. இருபத்துமூன்று வயசு, சுருட்டை முடி, ஒட்டிய கன்னம். இலாகாவிடம் வேறு படம் இல்லை. 'இதுக்கு வயசாக்கிக் கொடுங்க' என்று கம்ப்யூட்டர் பிரிவில் சொல்ல, அவர்கள் முடியை நரைக்கவைத்து, தாடி வைத்து, அது போதாதென்று தடிக் கண்ணாடியும் மாட்டிவிட்டார்கள்.

கெஸ்ட் மேடத்துக்கு இதில் சொந்தக் கவலை ஒன்றும் இருந்தது. கான்ஸ்டபிளாக இருக்கும் அவள் தம்பி அந்த நானூறு பேரில் ஒருவன். அக்கா வீட்டோடு இருக்கிறவன், எட்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. போனில் பேசும்போதே அவன் குரல் தூங்கிக்கொண்டிருக்கும்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு, நாலாவது நாற்காலிக்கு வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. தொண்டை கட்டிவிட்டது என்று கையை விரித்துவிட்டார். ஏழு நாள் விடாமல் கத்தினால் கட்டாமல் என்ன செய்யும்? அடுத்தவரைக் கூப்பிட்டாள், அவர் வேறு சேனலில் உட்கார்ந்திருந்தார். போனில் தேடியபோது 'ரிட்டயர்டு போலீஸ் மூணு' என்று ஒரு எண் கண்ணில் பட்டது. யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது, ஒன்றும் நினைவில்லை. வீட்டு எண். அடித்தாள்.

ஒரு வயதான பெண்குரல் எடுத்தது. "இருங்க" என்றுவிட்டு, "தம்பி, உனக்குத்தான் போன்!" என்று உள்ளே பார்த்துக் கத்தியது.

வந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எதைப் பத்தி விவாதம்?"

"அந்தத் தப்பி ஓடுன எஸ்.ஐ. பத்திதான் சார். வேற என்ன இருக்கு இப்போ?"

"கார் அனுப்புவீங்களா?"

"வாசலுக்கே வரும் சார்."

"வழியில செக்கிங் எல்லாம் இருக்கே?"

"எங்க காரை யார் சார் நிறுத்துவா? கண்ணாடியில சேனல் பேரைப் பார்த்தாலே கயித்தைத் தூக்கிருவாங்க."

"அப்போ வர்றேன்" என்றார்.

வந்தவர் குட்டையாக, கொழுக்கட்டை போல இருந்தார். வழுக்கைத் தலை, மழித்த முகம், கையில் ஒரு துணிப்பை. திரையில் போடப் பெயர் கேட்டதற்கு, "பேரெல்லாம் வேண்டாம்மா, வீட்ல பயப்படுவாங்க. ஓய்வுபெற்ற அதிகாரின்னு மட்டும் போடுங்க" என்றார். அப்படிக் கேட்கிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. அவளும் அப்படியே எழுதிக்கொடுத்தாள்.

நிகழ்ச்சியை நடத்துகிறவருக்கு அலுவலகத்தில் 'இடி' என்று பெயர். "காலை வணக்கம்" சொன்னாலே மேசையில் இருக்கும் டீ ஆடும். அன்றும் எடுத்த எடுப்பில் முழங்கினார்: "ஒரே ஒரு வாக்கி-டாக்கியை வைத்து ஒரு அரசாங்கத்தைக் கவிழ்க்க முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தையில் பதில்!"

"முடியும்" என்றார் ஆளுங்கட்சிக்காரர். "அதனாலதான் ஹெலிகாப்டர் விட்டிருக்கோம்."

"இந்த ஆட்சியைக் கவிழ்க்க வாக்கி-டாக்கி எதுக்கு? ஒரு விசில் போதும்" என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு யாரோட பேச முடியும்? அப்போ இன்னொண்ணு யார்கிட்ட இருக்கு? அதை ஏன் யாரும் கேக்கல?"

அடுத்த நொடி திரையின் அடியில் சிவப்புப் பட்டையில் 'இன்னொன்று யாரிடம்?' என்று ஓட ஆரம்பித்தது. அரைமணி நேரம் அதே பேச்சு.

கடைசியாகத்தான் நாலாவது நாற்காலிக்கு வாய்ப்பு வந்தது. "அது வேலையே செய்யாதுங்க" என்றார் அவர் மெதுவாக. "பேட்டரி போய் ஒன்பது வருஷம் இருக்கும். பேப்பர் பறக்காம இருக்க மேசை மேல வச்சிருப்பாங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

"எல்லா ஸ்டேஷன்லயும் அப்படித்தான்."

"அது இருக்கட்டும். உங்க அனுபவத்துல சொல்லுங்க, அந்த ஆள் இப்போ எங்கே?"

அவர் யோசித்தார். கூரையைப் பார்த்தார். "நானா இருந்தா... மலைக்குப் போயிருப்பேன்."

மறுநாள் காலையில் முந்நூறு போலீஸ்காரர்கள் மலையேறினார்கள்.

மத்தியானம் தம்பி கூப்பிட்டான். "அக்கா, உன் டிவில எவனோ ஒரு கிழட்டுப்பய மலைன்னு சொன்னானாம்ல? கமிஷனர் பார்த்துட்டு எல்லாரையும் இங்க ஏத்திட்டார். காலெல்லாம் அட்டை. சோத்துப் பொட்டலம் கீழேருந்து மேல வர்றதுக்குள்ள ஊசிப்போவுது. அந்தாளை நான் பார்க்கணும்க்கா. ஒரே ஒரு தடவை."

"நாக்கை அடக்குடா. பெரிய மனுஷனா தெரியுறார்" என்றாள் அவள். ஆனாலும் அவளுக்கே மனசு கேட்கவில்லை.

அன்றைக்கும் அவரையே கூப்பிடச் சொல்லியிருந்தார் இடி. 'பதறாம பேசுறார், பார்க்கிறவங்களுக்குப் பிடிச்சிருக்கு' என்று. அவரும் ஆறு மணிக்கே வந்து விருந்தினர் அறையில் பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மலைன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொன்னீங்க? என் தம்பி அங்கதான் அல்லாடிக்கிட்டு இருக்கான்."

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "தம்பி போலீஸாம்மா? அட பாவமே. தெரியாம போச்சே."

"அவர் மலையிலதான் இருக்காரா?"

"இல்லம்மா."

"இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உறுதியாத் தெரியும்மா."

"தெரிஞ்சுக்கிட்டேயா மலைன்னு சொன்னீங்க?"

"எல்லாரும் மலைல இருந்தா கீழ கொஞ்சம் நடமாடலாமேன்னு..."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அறையின் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் தாடியும் கண்ணாடியும் போட்ட அந்தப் படம். அவள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். மூக்கு மட்டும் ஒன்றாக இருந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். ஏன் சாத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வீட்டுக்கு வந்து தேடலையா?" என்றுதான் முதலில் கேட்க வந்தது.

"வந்தாங்கம்மா. எங்க அக்கா வீட்லதான் இருக்கேன், ஸ்டேஷனுக்கு ரெண்டு தெரு தள்ளி. ஆறு பேர் வந்தாங்க. கட்டிலுக்கு அடியில எல்லாம் டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. நான் கட்டிலுக்கு மேல படுத்திருந்தேன். அக்கா வீட்டுக்காரர்னு நினைச்சு, 'ஐயா, கொஞ்சம் காலைத் தூக்குங்க'ன்னாங்க. தூக்கினேன்."

சிரிக்கக்கூடாது என்று நினைத்தும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

எஸ்.ஐ. ஆவதற்கு முன் அவர் அந்த ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். நடந்ததையெல்லாம் பதிவேட்டில் எழுதுகிற வேலை. ஆறு வருஷத்துக்கு முன் காணாமல்போன ஒரு ஸ்கூட்டரைப் பற்றி விசாரிக்க ஒரு பஞ்சர் கடைக்காரரைக் கூட்டிவந்தார்கள். காலையில் வந்தவர் சாயங்காலம் உயிரோடு இல்லை. 'மாடிப்படியில் தவறி விழுந்து' என்று எழுதச் சொன்னார் இன்ஸ்பெக்டர். இவரும் எழுதிவிட்டார்.

"அதுல ஒரு சிக்கல்மா. எங்க ஸ்டேஷனுக்கு மாடியே கிடையாது."

"படி?"

"வாசப்படி கூடக் கிடையாது. தரையோட தரை. மழை பெஞ்சா தண்ணி நேரா லாக்கப்புக்குத்தான் வரும்."

விசாரணைக்கு ஆள் வரப்போகிறது என்று தெரிந்ததும் இன்ஸ்பெக்டர் கொத்தனாரைக் கூப்பிட்டு, ஸ்டேஷனின் பின்சுவரை ஒட்டிப் பதினோரு படி கட்டச் சொன்னார். மேலே ஒன்றும் இல்லை. படி ஏறிப்போய் வெட்டவெளியில் நிற்கும். கொத்தனார், 'இது எங்கே போகுதுங்க?' என்று கேட்டதற்கு, 'நீ கட்டு, போகிற இடத்தை நாங்க பார்த்துக்கறோம்' என்றாராம். ஆள் செத்த இருபதாவது நாள் சிமெண்ட் வந்து இறங்கியது. இறக்கிய சீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் இவர்தான். அந்தச் சீட்டுதான் பையில் இருந்தது.

"ஆறு வருஷமா சும்மா இருந்துட்டு இப்போ ஏன் சார்?"

"ரிட்டயர் ஆனப்புறம் வேலை ஒண்ணும் இல்லையேம்மா. உக்காந்தா அந்த வரிதான் ஞாபகத்துக்கு வருது. கையெழுத்து வேற முத்து முத்தா இருக்கும் என்னுது." தலையைக் குனிந்துகொண்டார். "போன மாசம் கோர்ட்டுக்கு லெட்டர் போட்டேன், வந்து சாட்சி சொல்றேன்னு. மறுநாளே வாக்கி-டாக்கி காணாமப் போச்சு."

பஞ்சர் கடைக்காரர் வழக்கில் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. அன்றைக்குச் சாட்சி வராவிட்டால் வழக்கை முடித்துவிடுவதாக நீதிபதி சொல்லியிருந்தார். இவர் கோர்ட்டைத் தாக்க வரக்கூடும் என்று சொல்லி, போலீஸார் கோர்ட்டைச் சுற்றி நாலு தெருவுக்கும் தடுப்பு போட்டிருந்தார்கள்.

"நேரா போய் சரணடைஞ்சுடலாமே சார்?"

"சரணடைஞ்சா நானும் படியில விழுந்துருவேன்மா. அப்போவாவது படி இல்ல. இப்போ பதினொண்ணு இருக்கு."

அன்றைய நிகழ்ச்சியில், தேடப்படுகிறவரின் மனநிலை பற்றி விவாதம். அவர் சிறுவயதில் அன்பு கிடைக்காதவர் என்று ஆளுங்கட்சிக்காரர் நிறுவினார். "அப்படியெல்லாம் இல்லீங்க, எங்க அம்மா... அவங்க அம்மா நல்லாத்தான் வளர்த்திருப்பாங்க" என்றார் இவர். "உங்களுக்கு அவரைப் பத்தி என்ன சார் தெரியும்?" என்று ஆளுங்கட்சிக்காரர் பாய்ந்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்ற கெஸ்ட் மேடம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போயும் நிம்மதி இல்லை. ஒரு போன் செய்தால் போதும், தம்பி மலையிலிருந்து இறங்கிவிடுவான். ஒருவேளை பதவி உயர்வுகூடக் கிடைக்கும். போனைக் கையில் எடுத்து அவன் எண் வரைக்கும் போனாள். பதினோரு படி கண்முன் வந்து நின்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

புதன்கிழமை காலைக் கூட்டத்தில், யாரும் கேட்காமலே வாயைத் திறந்தாள். "ஸ்டூடியோவுக்குள்ளயே எத்தனை நாள் கத்துறது? வெள்ளிக்கிழமை கோர்ட் வளாகத்துலயே மேடை போட்டு, மக்கள் முன்னாடி நேரலையா நடத்தினா என்ன? காலைல பத்து மணிக்கு."

இடிக்குக் கண் கலங்கிவிட்டது. "பதினாலு வருஷத்துல நீ சொன்ன முதல் ஐடியா" என்றார்.

அனுமதி கேட்டுப் போனபோது கமிஷனர் மறுபேச்சே பேசவில்லை. பாதுகாப்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்று மக்களும் பார்க்கட்டும் என்றார். மேடைக்குப் பக்கவாட்டில் நின்றால் தானும் திரையில் தெரிய முடியுமா என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவரை அழைத்துவர அவளே காரில் போனாள். அவருடைய அக்கா வாசல்வரை வந்து, "மருந்து எடுத்துக்கிட்டியாடா?" என்று கேட்டார். மூன்று தடுப்புகளில் கயிறு தானாக உயர்ந்தது. நாலாவதில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"சார்! நீங்க டிவில வர்றவர்தானே? எங்க வீட்ல எல்லாருக்கும் உங்களைப் பிடிக்கும் சார். ஒரே ஒரு போட்டோ."

இறங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. வெளிச்சம் பார்த்து, போலீஸ்காரர் அவரைச் சுவரொட்டிக்கு முன்னாலேயே நிறுத்தித் தோளில் கை போட்டுக்கொண்டார். "அந்தாளை விடக்கூடாது சார்" என்றார். "நீங்க முயற்சி பண்ணுங்க" என்றார் இவர்.

கோர்ட் வளாகத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள். வீரர் என்று சொல்கிறவர்கள் இடப்பக்கம், தேசத்துரோகி என்று சொல்கிறவர்கள் வலப்பக்கம். நடுவில் ஒருவர் மட்டும் குடை பிடித்துக்கொண்டு எந்தப்பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். இரண்டு பக்கமும் அவரைத் திட்டியது. மேடையில் இடி முழங்கினார். ஆளுங்கட்சிக்காரர் வாக்கி-டாக்கியின் எடையைச் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர் எடை தவறு என்றார். மணி பத்து ஐம்பது ஆனது.

நாலாவது நாற்காலியிலிருந்து அவர் எழுந்தார். "மன்னிக்கணும். நான் கிளம்பணும்."

"எங்கே? விவாதம் இன்னும் முடியல!" என்றார் இடி.

"கோர்ட்டுக்குள்ளதான். பதினொரு மணிக்கு சாட்சி சொல்லணும்." மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "நீங்க தேடுற ஆள் நான்தாங்க."

கெஸ்ட் மேடம் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் துள்ளி எழுந்தது எதிர்க்கட்சிக்காரர். "அற்புதம்! நானும்தான்! இந்த நாட்டுல நேர்மையா இருக்கிற ஒவ்வொருத்தனும் தேடப்படுறவன்தான்!"

இடப்பக்கம் விசில் பறந்தது. "நானும்தான்!" என்று ஐந்நூறு பேர் கத்தினார்கள். ஆளுங்கட்சிக்காரர் சும்மா இருப்பாரா? "அப்படிப் பார்த்தா மக்களுக்காக நாங்கதான் ராப்பகலா ஓடிக்கிட்டு இருக்கோம். நானும்தான்!" என்றார். வலப்பக்கமும் கைதட்டியது. வக்கீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடைக்குப் பக்கவாட்டில் திரையில் தெரியும்படி நின்றுகொண்டிருந்த கமிஷனரும், நாம் மட்டும் கைதட்டாமல் நின்றால் நன்றாக இருக்காதென்று தட்டினார்.

"இல்லீங்க, நிஜமாவே நான்தான்" என்று இவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். கூட்டம் வழிவிட்டது. சிலர் காலைத் தொட்டார்கள். கெஸ்ட் மேடம் பின்னாலேயே ஓடினாள். கோர்ட் வாசலில் நின்ற காவலர், "இந்தப்பக்கம் சார்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே முப்பது பேர் உட்காரும் சின்ன அறை. நீதிபதி ஒரு நடுவயதுப் பெண்மணி. சளி பிடித்து, கைக்குட்டையும் கையுமாக இருந்தார். ரைட்டர் கூண்டில் ஏறித் தான் யார் என்று சொன்னதும் அரசு வக்கீல் எழுந்தார்.

"இதை ஏத்துக்க முடியாதுங்கம்மா. தேடப்படுற நபரை இன்னிக்குக் காலைல மலை உச்சியில சுத்தி வளைச்சுட்டதா போலீஸ் அறிவிச்சிருக்கு. அங்க சுத்தி வளைச்ச ஆள் இங்க எப்படி இருக்க முடியும்?"

"அப்போ இவர் யாரு?" என்றார் நீதிபதி.

"அது தெரியாதுங்கம்மா. ஆனா அவர் இல்ல." சுவரொட்டியை எடுத்து விரித்துக் காட்டினார். "தாடி எங்க? கண்ணாடி எங்க?"

நீதிபதி படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். அடையாள அட்டை கேட்டார். அதையெல்லாம் வீட்டைச் சோதனை போட்டபோது போலீஸே பிரித்துப் பார்க்காமல் மூட்டை கட்டி எடுத்துப்போயிருந்தது. "இவரை அடையாளம் சொல்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். கெஸ்ட் மேடம் கையைத் தூக்கினாள். "எத்தனை நாள் பழக்கம்?" "நாலு நாள்ங்க." போதாது என்று நீதிபதி தலையை ஆட்டிவிட்டார்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நாற்பது வயசு இருக்கும். பஞ்சர் கடைக்காரரின் மனைவி. ஆறு வருஷமாக ஒரு விசாரணை விடாமல் வந்து அதே பெஞ்சில் உட்காருகிறவள்.

"எனக்குத் தெரியும்மா. அன்னிக்கு ஸ்டேஷன் வாசல்ல என் வீட்டுக்காரரோட செருப்பையும் சட்டையையும் கொண்டாந்து குடுத்தது இவர்தான். சட்டையை மடிச்சுக் குடுத்தார். மத்தவங்க யாரும் என் மூஞ்சியைப் பார்க்கல. இவரும் பார்க்கல. ஆனா இவருக்குக் கை நடுங்குச்சு."

அவர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். வெளியிலிருந்து "நானும்தான்! நானும்தான்!" என்ற கோஷம் லேசாக வந்தது.

"அவங்க சொல்றது சரிதாங்கம்மா" என்றார். "பொய்யா எழுதினதும் நான்தான். அதுக்கு என்ன தண்டனையோ அதையும் சேர்த்து எழுதிக்குங்க."

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாட்சியைப் பதிவு பண்ணுங்க" என்றார்.

சிமெண்ட் சீட்டின் தேதியைப் பார்த்த நீதிபதி, மத்தியானமே ஸ்டேஷனுக்கு நேரில் போனார். பின்பக்கம் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பதினோரு படியும் ஏறினார். உச்சியில் நின்று, மேலே வானத்தையும் கீழே இன்ஸ்பெக்டரையும் பார்த்து, "இதுக்கு மேல எங்க போகணும்?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் யோசித்து, "விரிவாக்கத் திட்டம் இருக்குங்கம்மா" என்றார். இன்ஸ்பெக்டரும் அவரோடு இருந்த இரண்டு பேரும் அன்று சாயங்காலமே கைது. ரைட்டருக்குப் பொய்ப்பதிவு எழுதியதற்காகப் பிறகு எட்டு மாதம் கிடைத்தது. மேல்முறையீடு செய்யச் சொன்ன வக்கீலிடம், "இருக்கட்டும், விடுங்க" என்றாராம். சாட்சிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டதால், தேடிய நானூறு பேரில் இருபது பேர் அவர் அக்கா வீட்டு வாசலில் காவல் நின்றார்கள்.

மலையில் சுற்றி வளைக்கப்பட்டவர் ஓய்வுபெற்ற ஒரு ஓவிய ஆசிரியர். பொழுதுபோக்காகப் படம் வரையப் போனவர். தாடி, நரைத்த சுருட்டை முடி, தடிக் கண்ணாடி. சுவரொட்டிக்கு அச்சு அசலாக அவர்தான் பொருந்தினார். நான் அவன் இல்லை என்று இரண்டு நாள் கதறினார். "எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றார்கள். ஊரெல்லாம் "நானும்தான்" என்று கத்திக்கொண்டிருந்த நேரத்தில் இல்லை என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

சேனல் நிர்வாகம் கெஸ்ட் மேடத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தது. முதல் பத்தியில், தேடப்படும் குற்றவாளிக்கு அலுவலகக் கார் அனுப்பியதற்காகப் பதினைந்து நாள் பணியிடைநீக்கம். இரண்டாம் பத்தியில், சேனல் வரலாற்றிலேயே அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சியைத் தந்ததற்காகப் பாராட்டும் விருதும். விருது வாங்க விழாவுக்கு வரவேண்டும், ஆனால் பணியிடைநீக்கத்தில் இருப்பதால் உள்ளே வரக்கூடாது என்று மூன்றாம் பத்தி. இடி போன் செய்து, "வாசல்லயே வச்சுக் குடுத்துடறோம்மா" என்றார்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். முழங்காலுக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கடித்த தடம். அக்கா செய்தது எல்லாம் அவனுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. மூன்று நாள் அவளிடம் பேசவில்லை. சாப்பாட்டை வாங்கிக்கொள்வான், தட்டைக் கழுவி வைப்பான், போய்ப் படுத்துக்கொள்வான். அவளும் சமாதானம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

நாலாம் நாள் காலையில், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் யூனிபார்மோடு சமையலறை வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு காகிதம்.

"அக்கா, ஓவிய வாத்தியார் எங்களைக் கல்லால அடிச்சார்னு எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குறாங்க. இல்லேன்னா அவரை ஏன் பிடிச்சோம்னு கேள்வி வருமாம்."

"அடிச்சாரா?"

"பென்சில்தான் வச்சிருந்தார். பயத்துல அதுவும் கீழ விழுந்துருச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து காகிதத்தைப் பார்த்தாள். இருபத்தாறு பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"போடலேன்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"மறுபடியும் எங்கயாவது தூக்கி அடிப்பாங்க. மலை, காடு, எங்கயாவது. என்னக்கா பண்றது?"

"எனக்குத் தெரியலடா" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை. "உக்காரு. டீ போடுறேன்."

அவன் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். காகிதத்தை இன்னொரு தடவை முழுசாகப் படித்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கையெழுத்துப் போடுகிற இடத்தில், 'பென்சில்' என்று மட்டும் எழுதி, அதற்குக் கீழே தேதி போட்டான்.